காளவாயின் பாக்கி

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். தகர டின்னில் கல் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் முதலில் ஒன்றும் நடக்காது. கல் தண்ணீரைக் குடிக்கும், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு துண்டில் கீறல் விழும், கீறலிலிருந்து ஆவி புறப்படும், சுர்ரென்று ஓர் இரைச்சல் கிளம்பும், பிறகு டின் முழுவதும் தளதளவென்று கொதிக்கத் தொடங்கும். அடுப்பு கிடையாது, தீக்குச்சி கிடையாது. ஊற்றியதோ பச்சைத் தண்ணீர். பிள்ளைகளை எட்டிப் போகச் சொல்லி அதட்டுகிற பெரியவர்கள் காரணத்தையும் சேர்த்தே சொல்வார்கள்: “கல்லுக்குள்ள காளவாய் நெருப்பு இருக்கு. தண்ணி பட்டா வெளிய வந்துரும்.”

இந்த விளக்கத்தைக் கேட்டுச் சிரிக்க எனக்கு மனம் வராது. யோசித்துப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ அப்படியே தண்ணீரில் போட்டால் அது சும்மா கிடக்கும். காளவாயில் வைத்து இரவு பகலாகச் சுட்டெடுத்த பிறகு அதே தண்ணீரில் போட்டால் கொதிக்கிறது. நடுவில் நடந்தது நெருப்பு ஒன்றுதான். போன நெருப்புதான் திரும்பி வருகிறது என்று முடிவு கட்டுவதில் என்ன தப்பு? பள்ளிக்கூட வேதியியல் இதைவிட மோசமான முடிவுகளைச் சொல்லிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பாவிலும் வெகுகாலம் இப்படித்தான் நினைத்தார்கள். சுட்ட சுண்ணாம்பு தோலை அரிப்பதும் நாக்கைப் பொத்துவதும் அதற்குள் புகுந்த நெருப்பின் குணம் என்பது கற்றறிந்தவர்களின் கருத்து. அதைத் தராசில் வைத்துப் பார்த்தவர் ஜோசப் பிளாக். 1754-ல் எடின்பரோவில் மருத்துவப் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டில் அவருடைய வேலை தொடங்கியது. அந்தக் காலத்தில் சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்கச் சுண்ணாம்புத் தண்ணீர் குடிக்கக் கொடுக்கும் வைத்தியம் இருந்தது. அதில் எடின்பரோ பேராசிரியர்கள் இருவருக்குள் சண்டை. சிப்பியைச் சுட்ட சுண்ணாம்புதான் வேலை செய்யும் என்றார் ராபர்ட் வைட். கல்லைச் சுட்டதே போதும் என்றார் சார்லஸ் ஆல்ஸ்டன். வெற்றிலை போடுகிறவர்களிடம் கிளிஞ்சல் சுண்ணாம்பா கல் சுண்ணாம்பா என்று கேட்டால் இன்றைக்கும் இதே சூட்டோடு பதில் வரும். பெரியவர்கள் சண்டையில் தலையிட விரும்பாத மாணவர் பிளாக், சுண்ணாம்பை விட்டுவிட்டு மக்னீசியாவை எடுத்துக்கொண்டார். ஆனால் அது அவரைச் சுற்றிச் சுற்றிச் சுண்ணாம்புக்கே கொண்டுவந்து விட்டது.

அவர் கண்டது எளிமையானது. சுட்டால் கல்லின் எடை குறைகிறது. ஏதோ உள்ளே புகுந்திருந்தால் எடை கூட வேண்டும், இல்லையென்றால் மாறாமலாவது இருக்க வேண்டும். ஏறக்குறைய பாதி போய்விடுகிறது என்றால் கல்லிலிருந்து ஏதோ வெளியேறியிருக்கிறது. அது ஒரு வாயு. நாம் இன்று கரியமில வாயு என்கிறோம். இப்போதைய கணக்கில் 100 கிராம் கல்லைச் சுட்டால் 56 கிராம் சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிராம் காற்றோடு போகும். சுண்ணாம்பின் காரம் அதன் சொந்த குணம், வாயு போனதும் அது வெளிப்படுகிறது என்று பிளாக் சொன்னார். எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஜெர்மனியில் ஓஸ்னாப்ரூக் ஊரின் மருந்துக்கடைக்காரர் மேயர், காளவாயிலிருந்து ஓர் அமிலம் கல்லுக்குள் நுழைகிறது என்று 1764-ல் புத்தகமே எழுதினார். பெரிய அறிஞர்களும் அதைப் பொறுமையாகப் படித்தார்கள்.

நெருப்பு உள்ளே போகவில்லை, சரி. அப்படியானால் டின்னில் கொதிக்கிறதே, அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

இங்கே மூன்று எண்கள் வேண்டும். 100 கிராம் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு வாயுவைப் பிரிக்க 178 கிலோஜூல் வெப்பம் கொடுக்க வேண்டும். கிடைத்த 56 கிராம் சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றினால் 65 கிலோஜூல் திரும்ப வரும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசிவிட்டால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகும்போது இன்னொரு 113 கிலோஜூல் வரும். 65-ஐயும் 113-ஐயும் கூட்டிப் பாருங்கள், 178. காளவாயில் கொடுத்தது ஒரு பைசா குறையாமல் இரண்டு தவணையில் திரும்பிவிட்டது. முதல் தவணை சில நிமிடங்களில், ஆவியும் இரைச்சலுமாக வருகிறது. இரண்டாவது தவணை வருவது வீட்டுக்காரருக்குத் தெரிவதே இல்லை.

கல் சுண்ணாம்பாகி, சுண்ணாம்பு நீறாகி, நீறு மறுபடி கல்லாகிறது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தாயிற்று, அதனால் கணக்கு பூஜ்யத்தில் முடிந்தே ஆக வேண்டும். இதைப் பொதுவிதியாக 1840-ல் எழுதியவர் ஜெர்மைன் ஹெஸ். ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவில் வளர்ந்து, சைபீரியாவின் இர்குட்ஸ்க்கில் மருத்துவராக இருந்து, பின்னால் பீட்டர்ஸ்பர்க்கில் வேதியியல் பேராசிரியரானவர். கந்தக அமிலத்தில் தண்ணீரை வெவ்வேறு அளவில் கலந்து, பிறகு அம்மோனியாவால் சமன் செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் வந்த சூட்டை அளந்தார். முன்கூட்டி நிறையத் தண்ணீர் கலந்த அமிலம் பின்னால் குறைவாகச் சுட்டது, கலக்காத அமிலம் பின்னால் அதிகமாகச் சுட்டது. மொத்தம் மட்டும் மாறவில்லை. ஆற்றல் அழியாது என்ற கருத்தை ராபர்ட் மேயர் அச்சில் கொண்டுவந்தது 1842-ல். (ஓஸ்னாப்ரூக் மேயர் வேறு, இவர் வேறு.) அதற்கு இரண்டு வருடம் முன்பே, அதன் துணை இல்லாமல், ஹெஸ் தன் கணக்கை முடித்துவிட்டார்.

கல்யாண வீட்டு மொய் நோட்டில் ஊர், பேர், தொகை இருக்கும். வந்தவர் எந்த பஸ்ஸில் வந்தார், எங்கே இறங்கி மாறினார் என்று யாரும் எழுதுவதில்லை. ஹெஸ் விதி சொல்வதும் அதையேதான்: தொடக்கமும் முடிவும் போதும், வழி வேண்டாம். இதனால் ஒரு பெரிய சௌகரியம். அளக்கவே முடியாத வினைகளின் வெப்பத்தை, அளக்க முடிந்த வினைகளிலிருந்து கூட்டிக் கழித்து எடுத்துவிடலாம். சுவரில் பல வருடங்களாக ஊறி நடக்கும் வினையின் 113-ஐ யாரும் சுவர் ஓரம் வெப்பமானியோடு உட்கார்ந்து அளக்க வேண்டியதில்லை. 178-லிருந்து 65-ஐக் கழித்தால் போதும்.

பிளஸ் ஒன் புத்தகத்தில் என்தால்பி என்ற தலைப்பில் வரும் கணக்குகள் எல்லாம் இவைதான். மாணவர்கள் கூட்டலைச் சரியாகத்தான் போடுகிறார்கள். பொருள்தான் தவறிப் போகிறது. பிணைப்புகளுக்குள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, பிணைப்பு உடைந்தால் அது வெளியே வருகிறது என்று பாதிப் பேர் நம்பியபடியே தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். உயிரியல் வகுப்பு, செல்லுக்குள் இருக்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறின் ‘ஆற்றல் மிக்க பிணைப்பு’ என்று சொல்லி இந்த நம்பிக்கைக்கு உரம் போடுகிறது. கல்லுக்குள் காளவாய் நெருப்பு இருக்கிறது என்று சொன்ன பெரியவரிடமிருந்து இது எந்த விதத்தில் வேறுபடுகிறது? அவராவது கண்ணால் பார்த்ததை வைத்துச் சொன்னார்.

எந்தப் பிணைப்பை உடைத்தாலும் செலவு. விதிவிலக்கே இல்லை. வரவு வருவது புதுப் பிணைப்பு உண்டாகும்போது மட்டும். டின்னுக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். சுட்ட சுண்ணாம்பில் கால்சியமும் ஆக்ஸிஜனும் மின்னேற்றம் பெற்ற அயனிகளாக வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஆக்ஸிஜன் அயனிக்கு ஹைட்ரஜன் மீது தீராத பசி. தண்ணீர் மூலக்கூறு வந்ததும் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. தண்ணீரிலிருந்த பிணைப்பு ஒன்று உடைந்தது, செலவு. பழைய அடுக்கு கலைந்தது, அதுவும் செலவு. பிடுங்கிய இடத்தில் புதுப் பிணைப்பு உண்டாயிற்று, அயனிகள் வேறொரு அடுக்கில் நெருங்கி உட்கார்ந்தன, இரண்டும் வரவு. வரவிலிருந்து செலவைக் கழித்த மீதிதான் 65. அது சுண்ணாம்புக்குள்ளும் இருந்ததில்லை, தண்ணீருக்குள்ளும் இருந்ததில்லை. இரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு இருப்பிடம் என்று ஒன்று கிடையாது. ஒரு பொருளின் மொத்த என்தால்பி இவ்வளவு என்று இதுவரை யாரும் அளந்ததில்லை, அளக்கவும் முடியாது. தனிமங்களுக்குப் பூஜ்யம் என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, மாற்றங்களை மட்டுமே எழுதிக்கொண்டு வருகிறோம்.

அளவு தெரியட்டும் என்பதற்காக: ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வருவது ஏறத்தாழ 1160 கிலோஜூல். துளியும் வீணாகவில்லை என்றால் நான்கு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற அது போதும். நாம் அதில் பாதியளவு தண்ணீர்கூட ஊற்றுவதில்லை, அதனால்தான் டின் அப்படிக் கொதிக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதன் விலையைக் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து மாலுமிகள். அங்கே ராக்லண்ட் துறைமுகத்திலிருந்து மரப் பீப்பாய்களில் சுட்ட சுண்ணாம்பை நிரப்பிக்கொண்டு பாய்மரக் கப்பல்கள் போகும். கப்பலும் மரம், பீப்பாயும் மரம். எங்காவது ஒரு கசிவு ஏற்பட்டுக் கடல் தண்ணீர் சுண்ணாம்பைத் தொட்டால் போதும், அடித்தளத்தில் சூடு ஏறி மரம் பற்றிக்கொள்ளும். தீயை அணைக்கத் தண்ணீர் ஊற்ற முடியாது, ஊற்றினால் இன்னும் எரியும். மாலுமிகள் செய்தது இது: கதவு, இடுக்கு, பலகைச் சந்து எல்லாவற்றையும் சுண்ணாம்புச் சாந்து பூசி அடைத்துக் காற்றுப் புகாமல் செய்துவிட்டு, மற்றக் கப்பல்களுக்கும் கரைக்கும் எட்டாத இடத்தில் நங்கூரம் போட்டுக் காத்திருப்பார்கள். தீ தானாக மூச்சடைத்துச் சாக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். சரக்கே தீ வைக்கும், அடைப்பதற்கும் அதே சரக்கின் சாந்துதான் உதவும்.

என்தால்பி திறந்த பானைகளின் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூடிய இரும்புக் குண்டுக்குள் வினை நடத்தினால் வேறு ஓர் எண் வரும். காளவாயில் 100 கிராம் கல்லிலிருந்து வெளியேறும் வாயு, சாதாரண அறை வெப்பத்தில் அளந்தால் சுமார் 24 லிட்டர் இடம் பிடிக்கும். அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த காற்றைத் தள்ளிவிட்டுத்தான் அது இடம் பிடிக்க முடியும். 178-ல் இரண்டரை கிலோஜூல் இந்தத் தள்ளலுக்கே போகிறது. சமையலறை, காளவாய், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவை எல்லாமே வளிமண்டலத்தின் அழுத்தத்தைத் தலையில் சுமந்துகொண்டுதான் வேலை செய்கின்றன. அந்தச் சுமைக்கான கூலியையும் முன்கூட்டியே சேர்த்துக்கொண்ட எண் என்பதால்தான் வேதியியலாளர்களுக்கு என்தால்பி இவ்வளவு வசதியாக இருக்கிறது.

பொருளின் நிலையும் முக்கியம். நீர் என்று எழுதிவிட்டு விட்டுவிடக் கூடாது, திரவமா ஆவியா என்று எழுத வேண்டும். எழுதாமல் மதிப்பெண் இழக்கிறவர்கள் ஆசிரியரைத் திட்டுவார்கள், ஆனால் ஆசிரியர் பக்கம் நியாயம் இருக்கிறது. சுவரில் நீற்றுச் சுண்ணாம்பு கல்லாகும்போது உள்ளிருந்து தண்ணீர் விடுபடுகிறது. அது திரவமாகவே இருந்தால் 113 முழுசாகக் கைக்கு வரும். ஆவியாகிப் போனால் 44 கிலோஜூலை எடுத்துக்கொண்டு போகும், மிஞ்சுவது 69. புதிதாக வெள்ளையடித்த சுவரில் கை வைத்தால் ஜில்லென்று இருப்பதற்கும் ஆவியாகும் தண்ணீர்தான் காரணம். சூட்டை வெளியிடும் ஒரு வினை அந்தப் பூச்சுக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்று கைக்குத் தெரியாது.

சூடு வருவதால்தான் வினை நடக்கிறது என்று ஒருவர் சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். மார்சலின் பெர்த்தலோ அப்படித்தான் சொன்னார். வெப்ப வேதியியலின் சக்கரவர்த்தி அவர். வெப்பம் உமிழும் வினை, வெப்பம் கொள்ளும் வினை என்று இன்று நாம் பிரிப்பது அவர் போட்ட கோடு. பிரான்சின் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். வெளியாள் தலையிடாத வரை எந்த வேதிமாற்றமும் அதிக வெப்பத்தை வெளியிடும் திசையில்தான் போகும் என்பது அவருடைய கொள்கை, 1879-ல் வந்த அவருடைய பெரிய நூலின் நடுத்தூண். இதற்கு எதிர்ச்சாட்சி அக்பர் அரண்மனையிலேயே இருந்தது. அங்கே வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் குடிநீர்க் கலத்தை வைத்துக் குளிர வைத்தார்கள் என்று அபுல் பஸல் அயினி அக்பரியில் பதிவு செய்திருக்கிறார். வெடிமருந்துக்குச் சூடு தரும் உப்பே தண்ணீரைக் குளிர்விக்கும் விசித்திரம் அவர் கண்ணிலும் பட்டிருக்கிறது. வெடியுப்பு கரையும்போது 101 கிராமுக்கு 35 கிலோஜூல் வெப்பத்தை உள்ளே இழுக்கிறது. பெர்த்தலோவின் கொள்கைப்படி அது கரையவே கூடாது. கரைகிறது, யாரும் தூண்டாமலே. நவச்சாரமும் அப்படித்தான்.

பெர்த்தலோ எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பியர் டுஹம் என்ற இளைஞர் 1884-ல் கொடுத்த முனைவர் ஆய்வேடு இந்தக் கொள்கையை அடியோடு மறுத்தது. ஆய்வேடு நிராகரிக்கப்பட்டது. டுஹம் பிற்காலத்தில் எவ்வளவு பெரிய பெயர் வாங்கினாலும் பாரிஸில் அவருக்குப் பேராசிரியர் நாற்காலி கிடைக்கவே இல்லை, போர்தோவிலேயே காலத்தை முடித்தார். அறிவியல் துறைகளில் சாதி இல்லை என்கிறவர்கள் இந்தக் கதையைப் படிக்கலாம்.

காளவாயே பெர்த்தலோவுக்கு எதிரான இன்னொரு சாட்சி. 178 கிலோஜூல் நஷ்டத்தில் நடக்கும் வினை அது. அறை வெப்பத்தில் சுண்ணாம்புக் கல் கோடி வருடம் கல்லாகவே கிடக்கும். ஆனால் 850 டிகிரிக்குப் பக்கத்தில் போனதும் நிலைமை மாறுகிறது. அடைபட்டுக் கிடந்த வாயு விடுபட்டுப் பரவுவதில் இயற்கைக்கு ஒரு லாபம் உண்டு, அந்த லாபம் வெப்பநிலையோடு ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அது வெப்ப நஷ்டத்தை விழுங்கிவிடுகிறது. என்ட்ரோபி என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். காளவாய்க்காரர்கள் அடியில் காற்று நுழைய வாய் வைத்துக் கட்டுவது கரி எரிவதற்காக மட்டும் இல்லை. வெளிவந்த வாயுவை உடனுக்குடன் துரத்தாவிட்டால் அது சுண்ணாம்போடு மறுபடி சேரப் பார்க்கும். என்தால்பி மொத்தத் தொகையைச் சொல்லும். நடக்குமா, எவ்வளவு வேகத்தில் நடக்கும் என்ற கேள்விகளுக்கு அது பொறுப்பில்லை. நடக்குமா என்பதற்கு என்ட்ரோபியையும் சேர்த்துக் கேட்க வேண்டும், வேகத்துக்கு வேறு கணக்கு.

சுவருக்கு வருவோம். மெல்லிய வெள்ளையடிப்பு கல்லாகச் சில நாட்கள், வாரங்கள் போதும். பழைய கோட்டைச் சுவர்களில், மண்டபங்களில், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீர் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து முழக்கணக்கில் உள்ளே கிடக்கிறதே, அங்கே கரியமில வாயு அங்குலம் அங்குலமாகத்தான் நுழைய முடியும். ஒரு கிலோ சுண்ணாம்பின் இரண்டாம் தவணை சுமார் 2000 கிலோஜூல். அது பத்து வருடத்தில் சீராக வெளிவருகிறது என்று வைத்துக்கொண்டால் ஆறு மில்லிவாட் ஆகும். எந்தக் கையும் உணராது. பாக்கி இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. சாந்தைப் புதிதாக உடைத்து அந்த முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள், பள்ளி ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டுக்குக் கீழே சொட்டுச் சொட்டாக விட்டோமே, அதேதான். கல்லாகிவிட்ட வெளி ஓரம் நிறமற்று இருக்கும். இன்னும் கல்லாகாத உட்பகுதி பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். மிகத் தடித்த சுவர்களின் நடுவில் நூற்றாண்டுகளுக்குப் பிறகும் நீறு நீறாகவே இருப்பதுண்டு.

வழியைப் போலவே தேதியையும் எழுதாத கணக்குதான் என்தால்பி. ஆனால் அதே வினையில் தேதியும் ஓர் ஓரத்தில் பதிவாகிவிடுகிறது. இரண்டாம் தவணை செலுத்தும்போது சாந்து உள்வாங்குவது அந்தந்த வருடத்துக் காற்றிலிருந்த கார்பனை. அதில் கதிரியக்கக் கார்பனும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், அது தன் கதியில் சிதைந்துகொண்டே வரும். ஆகவே சாந்தில் ஒரு துளியை அமிலத்தில் கரைத்து, வரும் வாயுவில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளந்தால் சுவர் எழும்பிய காலம் தெரியும். பின்லாந்தைச் சேர்ந்த ஆலந்துத் தீவுகளில், கட்டிய ஆண்டு ஏட்டில் இல்லாத இடைக்காலக் கல் தேவாலயங்களுக்கு இப்படித்தான் வயது கண்டார்கள். தொல்லை இரண்டு. காளவாயில் சரியாக வேகாத கல் சாந்தில் கலந்திருந்தால், அதன் கார்பன் கோடி வருடத்துப் பழையது, கட்டடத்துக்கு இல்லாத கிழத்தனத்தைக் கொடுத்துவிடும். சுவரின் ஆழத்திலிருந்து எடுத்த துண்டாக இருந்தால், அது கல்லானதே வெகு தாமதமாக, அதனால் கட்டடம் இளமையாகத் தெரியும். எனவே மேற்பரப்பை ஒட்டிய சாந்தைத்தான் தேடி எடுக்கிறார்கள். அமிலம் ஊற்றியதும் முதலில் பொங்கி வரும் வாயுவைத் தனியாகப் பிடிக்கிறார்கள். சுவரில் கல்லானது சீக்கிரம் கரையும், காளவாயில் வேகாத பழைய கல் மெதுவாகக் கரையும் என்பதால்.